சோழவரத்திலிருந்து லெ மானுக்கு

2012 மார்ச் 17 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், செப்ரிங் என்ற ஊரில் ஒரு கார் பந்தயம் நடந்தது. மொத்தம் 12 மணி நேரம். உலக எண்டியூரன்ஸ் சாம்பியன்ஷிப் என்ற புதிய தொடரின் முதல் பந்தயம் அதுதான். வென்ற ஆடி காரை மூன்று பேர் மாறி மாறி ஓட்டினார்கள். அவர்களில் ஒருவர் இத்தாலியின் அஸ்தி நகரத்துக்காரரான ரினால்டோ கபெல்லோ. பந்தய வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் டிண்டோ. வயது 47. செப்ரிங்கில் அவருக்கு அது ஐந்தாவது வெற்றி. அதே பந்தயத்தில் ஜே.ஆர்.எம். என்ற பிரிட்டிஷ் தனியார் அணியின் காரில் சென்னையில் பிறந்த 28 வயது கருண் சந்தோக் தன் எண்டியூரன்ஸ் வாழ்க்கையைத் தொடங்கினார்.

மூன்று மாதம் கழித்து, ஜூன் 16, 17 தேதிகளில் பிரான்ஸின் லெ மான் நகரத்தில் 24 மணி நேரப் பந்தயம். கபெல்லோவுக்கு அது கடைசி லெ மான். கருணுக்கு முதல் லெ மான். அங்கே பந்தயம் ஓட்டிய முதல் இந்தியர் என்று அவர் பெயர் பதிவானதும் அன்றுதான்.

இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாளாகத் தோன்றிக்கொண்டிருக்கிறது. கபெல்லோவின் திறமைக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலையும் ஒரு பந்தயப் பண்பாடும் நின்றன. கருணின் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகப் பந்தயம் உண்டு. ஆனாலும் நீண்ட பந்தயம் என்றால் என்ன என்பதை அவர் 28 வயதில், அந்நிய மண்ணில்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. சென்னைக்கும் திருப்பதிக்கும் இடையில் இன்று டயர் செய்கிறார்கள், பேட்டரி செய்கிறார்கள், பைக்கும் பிக்கப் வண்டியும் செய்கிறார்கள். அந்தப் பட்டையில் ஒரு நீண்ட பந்தயம் மட்டும் ஏன் வேர்விடவில்லை என்ற கேள்விக்குக் கருணின் வாழ்க்கை வழியாகப் போனால் ஓரளவு பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் கபெல்லோ. அவர் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டியதே இல்லை. 1990களில் இத்தாலியின் டூரிங் கார் பந்தயங்களில் ஆடி காரை ஓட்டினார். 1996-ல் அந்தச் சாம்பியன் பட்டத்தை வென்றார். 1998-ல் முதல் முறையாக லெ மான் போனார். பிறகு ஆடி நிறுவனம் லெ மானில் இறங்கியபோது அவரையும் அழைத்துக்கொண்டது. 2003-ல் பென்ட்லி, 2004-லும் 2008-லும் ஆடி என மூன்று முறை லெ மானை வென்றார். அந்த மூன்று வெற்றியிலும் அவரோடு காரைப் பகிர்ந்தவர் டென்மார்க்கின் டாம் கிறிஸ்டென்சன். ஏறத்தாழ ஒரே கம்பெனி, ஒரே கூட்டாளிகள், ஒரே பொறியாளர் குழு. இதுதான் ஒரு எண்டியூரன்ஸ் ஓட்டுநருக்குக் கிடைக்கக்கூடிய பெரும் செல்வம்.

இத்தாலிக்கு இது பழைய வழக்கம். லூயிஜி கினெத்தி 1932, 1934, 1949 என மூன்று முறை லெ மானை வென்றவர். எமானுவேலே பிர்ரோ ஐந்து முறை வென்றார். 2023-ல் ஃபெராரி அரை நூற்றாண்டு கழித்து லெ மானின் முதல் பிரிவுக்குத் திரும்பி வென்றபோது, அந்தக் காரின் மூவரில் அலெஸ்ஸாந்த்ரோ பியர் குய்தி, அந்தோனியோ ஜியோவினாஸ்ஸி இருவரும் இத்தாலியர்கள். ஃபார்முலா 1-ல் இடம் கிடைக்காத, அல்லது இடம் பறிபோன ஓட்டுநருக்கு அந்த நாட்டில் இன்னொரு வாசல் எப்போதும் திறந்திருந்தது.

நமக்கும் ஒரு வாசல் இருந்திருக்க முடியும். செப்ரிங் பந்தயத் தடம் முதலில் இரண்டாம் உலகப் போருக்காகக் கட்டிய விமானத்தளம். போர் முடிந்ததும் அந்தக் கான்கிரீட் தளத்தில் கார் ஓட்டத் தொடங்கினார்கள். 1950 டிசம்பர் 31 அன்று அங்கே முதல் பந்தயம். ஆறு மணி நேரம். வென்றது எது தெரியுமா? கிராஸ்லி ஹாட் ஷாட் என்ற பொடிக் கார். அதன் எஞ்சின் 724 சி.சி.தான். நம் பழைய மாருதி 800-ஐவிடச் சிறியது. எஞ்சினின் அளவுக்கு ஏற்ற தூரத்தைக் கணக்கிட்டு, அந்தக் கணக்கை எந்தக் கார் அதிகமாகத் தாண்டுகிறதோ அதற்கே வெற்றி என்று விதி வைத்திருந்தார்கள். அதனால் பெரிய எஞ்சின் கார்களோடு ஒரு சின்னக் கார் மோதி ஜெயிக்க முடிந்தது. 1952-ல் அது 12 மணி நேரமாக வளர்ந்தது. மேடும் பள்ளமுமான அந்தப் பழைய கான்கிரீட் இன்றும் தடத்தின் ஒரு பகுதி. கார்களை உலுக்கி எடுக்கிற அந்தத் தளத்தில் 12 மணி நேரம் தாங்கினால் லெ மானில் 24 மணி நேரம் தாங்கும் என்று அணிகள் நம்பி வருகின்றன.

சோழவரமும் அப்படித்தான் தொடங்கியது. செங்குன்றத்தைத் தாண்டி, கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய போர்க்கால விமான ஓடுதளம் அது. 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் இந்து சந்தோக், கருணின் தாத்தா. சோழவரம் பந்தயம் சென்னையின் திருவிழாக்களில் ஒன்றாக ஆனது. கிட்டத்தட்ட ஒரே காலத்தில், ஒரே மாதிரியான தளத்தில், ஒரே மாதிரியான ஆர்வத்தோடு இரண்டு ஊர்களும் புறப்பட்டன. செப்ரிங் நேரத்தை நீட்டிக்கொண்டே போனது. சோழவரத்தின் பேர் குறுகிய, வேகமான பந்தயங்களால் வந்தது. ரசிகனுக்கு அது பிடித்திருந்தது. கார் கிடைப்பதே அபூர்வமாக இருந்த, உதிரிபாகத்தை இறக்குமதி செய்யப் பெர்மிட்டுக்கு அலைந்த காலத்தில் ஆறு மணி நேரம் எஞ்சினைக் கசக்க யாருக்கும் மனம் வந்திருக்காது என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பழக்கம், இறக்குமதித் தடை போன பிறகும் மாறவில்லை. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் சொந்தத் தடம் திறந்தது. அங்கேயும் நம் தேசியச் சாம்பியன்ஷிப்பின் வழக்கமான பந்தயம் சில சுற்றுகள், சில நிமிடங்கள். கோவையின் கரிவரதன் மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்து ஒரு தலைமுறையையே வளர்த்தார். அந்தத் தலைமுறையின் கனவும் ஃபார்முலா 1 என்ற ஒற்றைப் புள்ளியிலேயே நின்றது.

கருண் அந்தக் கனவுக்குள் பிறந்தவர். 1984 ஜனவரி 19-ல் சென்னையில் பிறந்தார். அப்பா விக்கி சந்தோக் பெயர்பெற்ற ராலி ஓட்டுநர். 2000-ல் கருண் பந்தயத்துக்கு வந்தார். அடுத்த ஆண்டே ஃபார்முலா ஆசியா சாம்பியன். பிறகு இங்கிலாந்து. 2006-ல் ஆசிய ஃபார்முலா ரெனோ வி6 பட்டம். 2007-ல் ஃபார்முலா 1-க்கு ஒரு படி கீழே இருந்த ஜிபி2 தொடரில் அவருக்கு இடம் கொடுத்தது துராங்கோ; அது ஒரு இத்தாலிய அணி. அந்த ஆண்டு பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் அந்த அணிக்காக ஒரு பந்தயத்தை வென்றார்.

2010-ல் ஹிஸ்பானியா அணியில் ஃபார்முலா 1 வாய்ப்பு வந்தது. வந்த விதம் கொடுமை. பஹ்ரைனில் முதல் பந்தயம். கார் அங்கே போய்த்தான் பொருத்தி முடிக்கப்பட்டது. பயிற்சி ஓட்டமே இல்லை. தகுதிச் சுற்றில்தான் அவர் அந்தக் காரை முதன்முதலாக ஓட்டினார். பத்துப் பந்தயங்கள், அதற்குப் பிறகு இடம் பறிபோனது. 2011-ல் டீம் லோட்டஸ் அணியின் மாற்று ஓட்டுநர் ஆனார். ஜெர்மன் பந்தயத்தில் மட்டும், இத்தாலியரான யார்னோ ட்ருல்லிக்குப் பதிலாக ஓட்டக் கிடைத்தது. அந்த ஆண்டு அக்டோபர் 30 அன்று டெல்லிக்கு அருகே முதல் இந்திய கிராண்ட் பிரி. வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ஓட்டவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் காரில் உட்கார்ந்தவர் ட்ருல்லி. சொந்த நாட்டின் முதல் கிராண்ட் பிரியைக் கருண் ஓரமாக நின்றுதான் பார்த்தார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

ஐந்தே மாதத்தில் அவர் செப்ரிங்கில் இருந்தார்.

ஜே.ஆர்.எம். அணியின் கார் எச்.பி.டி. ஏ.ஆர்.எக்ஸ்-03ஏ, ஹோண்டா வி8 எஞ்சின், மேலே கூரை இல்லாத திறந்த கார். கூட்டாளிகள் ஆஸ்திரேலியாவின் டேவிட் பிராபம், ஸ்காட்லாந்தின் பீட்டர் டம்ப்ரெக். பிராபம் 2009-ல் லெ மானை வென்றவர். இந்தப் பந்தயத்தின் நெளிவு சுளிவு தெரிந்தவர். கருணுக்கு அது பெரிய கொடை.

லெ மானில் ஒரு சுற்று 13.6 கிலோமீட்டர். பெரும்பகுதி பொதுச் சாலை. மற்ற நாட்களில் லாரியும் பஸ்ஸும் போகிற பாதை. ஒரு டேங்க் பெட்ரோல், காரின் வகையைப் பொறுத்து, ஏறக்குறைய முக்கால் மணி நேரம் தாங்கும். அதை ஒரு ஸ்டின்ட் என்பார்கள். ஒரு ஓட்டுநர் இரண்டு, மூன்று, சில நேரம் நான்கு ஸ்டின்ட் தொடர்ந்து ஓட்டுவார். அதுவும் பல நேரம் அதே டயரில். பெட்ரோல் நிரப்பும்போது டயரில் கைவைக்கக் கூடாது என்பது விதி. ஆகவே டயர் மாற்றினால் அந்த நேரம் முழுவதும் தனி நஷ்டம். ஒரு செட் டயரை இன்னொரு ஸ்டின்டுக்கு உயிரோடு கொண்டுபோகிற ஓட்டுநர், காலால் வேகமாக ஓட்டுகிறவரைவிட அதிக நேரத்தை மிச்சப்படுத்துகிறார்.

ஓட்டுநர் மாறும் இடத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கார் வந்து நிற்கிறது. எஞ்சினை அணைக்க வேண்டும். உள்ளே இருப்பவர் கடைசி வளைவைத் தாண்டும்போதே பெல்ட்டைத் தளர்த்தத் தயாராகியிருப்பார். ரேடியோ ஒயரையும் தண்ணீர்க் குழாயையும் பிடுங்கிவிட்டு எழுகிறார். அடுத்தவர் தன் உடம்புக்கு வார்த்த இருக்கை மெத்தையைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். பிராபமின் உயரம் வேறு, கருணின் உயரம் வேறு. பெடலும் ஸ்டீயரிங்கும் எல்லோருக்கும் பொதுவாக ஒரு நடுநிலையில்தான் வைக்கப்பட்டிருக்கும். இறங்கியவர் ஓடிவிடுவதில்லை. குனிந்து, உட்கார்ந்தவரின் பெல்ட்டை இழுத்துப் பூட்டுகிறார். அந்தச் சில நொடிக்குள் காதோரம் கத்திச் சொல்ல வேண்டியதும் உண்டு: எந்த வளைவில் எண்ணெய் சிந்திக்கிடக்கிறது, பிரேக் பெடல் எவ்வளவு ஆழம் போகிறது, முன் இடது டயர் எப்படி இருக்கிறது. ஃபார்முலா 1-ல் அணியின் இன்னொரு ஓட்டுநர்தான் முதல் எதிரி. அவனிடம் எதையும் சொல்லாமல் இருப்பது தொழில் தந்திரம். இங்கே அப்படி ஒளித்தால் மூவருமே தோற்பார்கள். கருண் இந்த வாழ்க்கைக்கு வந்தபோது கற்றதிலேயே பெரிய பாடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அந்த ஆண்டு 56 கார்கள் புறப்பட்டன. நான்கு வகைக் கார்கள் ஒரே தடத்தில். தொழில்முறை ஓட்டுநரும், பணம் கட்டி ஓட்ட வந்த வியாபாரியும் ஒரே இருட்டில். சனிக்கிழமை மாலையே டொயோட்டாவின் ஆன்டனி டேவிட்சன் மெதுவான ஒரு ஃபெராரியைத் தாண்டும்போது மோதல் ஏற்பட்டது. கார் காற்றில் எழும்பித் தடுப்பில் போய் விழுந்தது. டேவிட்சனுக்கு முதுகெலும்பில் முறிவு. ஃபெராரியை ஓட்டியவர் இத்தாலியின் அமெச்சூர் ஓட்டுநர் பியர்ஜுசெப்பே பெரஸ்ஸினி. இப்படி ஒரு மணி நேரத்தில் பல முறை, இரவெல்லாம், மெதுவான காரைத் தாண்டிக்கொண்டே இருக்க வேண்டும். தன்னைத் தாண்டப்போகிறவன் எவ்வளவு வேகத்தில் வருகிறான் என்பது கண்ணாடியில் தெரியும் இரண்டு வெளிச்சப் புள்ளிகளை வைத்து மட்டுமே முன்னால் போகிறவனுக்குத் தெரியும்.

ஜே.ஆர்.எம். கார் ஆறாவதாக வந்தது. அதற்கு முன்னால் இருந்த ஐந்தில் நான்கு ஆடி தொழிற்சாலைக் கார்கள். மிச்சம் ஒன்று ரெபெல்லியன் அணியின் கார். ஓர் இந்தியரின் முதல் லெ மான், தனியார் அணி, மொத்தத்தில் ஆறாவது இடம். இந்தச் செய்திக்கு நம் நாளிதழ்களில் இன்னும் பெரிய இடம் கிடைத்திருக்க வேண்டும்.

கபெல்லோவின் கார் அன்று இரண்டாவதாக வந்தது. வெற்றி எட்டும் தூரத்தில் இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை பந்தயம் முடியச் சில மணி நேரமே இருக்கையில், கூட்டாளி ஆலன் மெக்நிஷ் ஒரு மெதுவான காரைத் தாண்டப்போய்த் தடுப்பில் மோதினார். கார் தப்பியது, வெற்றி போனது. அன்று கபெல்லோவுக்கு 48ஆம் பிறந்தநாள். தன் கடைசி லெ மானை இன்னொருவர் கைத்தவறால் இழப்பது எப்படி இருக்கும்? நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் அதே மெக்நிஷோடு சேர்ந்துதான் அவர் லெ மானை வென்றிருந்தார். பகிர்ந்து ஓட்டுவது என்றால் தவறையும் பகிர்ந்துகொள்வதுதான்.

அந்த நாள் வென்ற காரில் இருந்த ஒருவரின் கதை நேராக நம் ஊருக்கே வருகிறது. ஆந்த்ரே லோட்டரர். 2009-ல் கோல்ஸ் என்ற தனியார் அணி, பழைய ஆடி ஆர்10 டீசல் காரை லெ மானுக்குக் கொண்டுபோனது. மூன்று ஓட்டுநர்கள்: சார்லஸ் ஸ்வோல்ஸ்மன், லோட்டரர், கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன். பந்தயம் தொடங்குவதற்குச் சற்று முன்பு பிட் சுவரிலிருந்து விழுந்த நரேனுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. காரில் ஏறவே முடியவில்லை. மற்ற இருவரும் 24 மணி நேரத்தையும் தாங்களே பங்கிட்டு ஓட்டி ஏழாவதாக முடித்தார்கள். அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் ஆடி தொழிற்சாலை லோட்டரரைக் கூப்பிட்டது. அவர் 2011, 2012, 2014 என மூன்று முறை லெ மானை வென்றார். நரேன் காயப்படாமல் இருந்திருந்தால், லெ மானில் முதல் இந்தியர் என்ற பெயர் மூன்று ஆண்டு முன்பே கோவைக்குப் போயிருக்கும். 2005-ல் ஃபார்முலா 1-க்குப் போன முதல் இந்தியர் நரேன். அவ்வளவு தூரம் தனியாகப் போனவரைப் பந்தயம் தொடங்கும் முன்னமே ஒரு சுவர் வீழ்த்தியது.

கருணின் அடுத்த லெ மான்கள் வேறு வகை. 2013, 2014, 2015 மூன்று ஆண்டும் மர்ஃபி புரோட்டோடைப்ஸ் என்ற அயர்லாந்து அணியில், முதல் பிரிவுக்கு அடுத்த எல்.எம்.பி.2 பிரிவில் ஓட்டினார். 2017-ல் டாக்வித் அணி. எல்.எம்.பி.2 பிரிவின் விதியைச் சொல்லியாக வேண்டும். ஓட்டுநர்களைப் பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு காரிலும் வெள்ளி அல்லது வெண்கலத் தரத்தில் ஒருவராவது இருக்க வேண்டும். பெரும்பாலும் அந்த வெண்கலக்காரரின் பணத்தில்தான் அணி நடக்கும். 2013-ல் கருணோடு ஓட்டிய இருவரில் ஒருவர் மார்க் பேட்டர்சன், அறுபதை ஒட்டிய வயதிலிருந்த தொழிலதிபர்; இன்னொருவர் பிரெண்டன் ஹார்ட்லி, பின்னாளில் லெ மானை மூன்று முறை வென்றவர். இளம் நட்சத்திரத்துக்கும் அமெச்சூருக்கும் நடுவில் கருண். அமெச்சூர் ஓட்டுநருக்கு ஒரு சுற்றில் ஐந்து நொடி மிச்சப்படுத்தக் கற்றுக்கொடுத்தால், அது தொழில்முறை ஓட்டுநர் அரை நொடி வேகமாக ஓட்டுவதைவிட அணிக்குப் பெரிய லாபம். பின்னாளில் கருண் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஃபார்முலா 1 விளக்குநராகப் பேர் வாங்கியதற்கு இந்த ஆண்டுகளிலும் ஒரு விதை இருக்கிறது என்று நான் சந்தேகிக்கிறேன். சிக்கலானதை எளிமையாகச் சொல்ல அந்தக் காரில்தான் அன்றாடம் பழகியிருப்பார்.

திருமலை மலைப்பாதையில் போய்வந்தவர்களுக்கு இந்த ஓட்டத்தின் இலக்கணம் எளிதில் பிடிபடும். 1944-ல் திறந்த முதல் மலைப்பாதை இப்போது இறங்குவதற்கு மட்டும். 36 கொண்டை ஊசி வளைவுகள். முன்னதாக அலிபிரி வந்து சேர்ந்தால் அபராதம் என்று இறங்கும் நேரத்துக்கே வரம்பு வைத்திருக்கிறார்கள். பழக்கமில்லாத டாக்சிக்காரர் வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்து இறங்குவார். பாதி வழியிலேயே கருகல் வாடை மூக்கைத் துளைக்கும். நாள் முழுதும் அதே பாதையில் ஏறி இறங்கும் அரசு பஸ் ஓட்டுநர் இரண்டாவது கியரில் எஞ்சினையே பிரேக்காக்கி, பெடலுக்கு ஓய்வு கொடுத்து இறக்குவார். காலையில் முதல் டிரிப்பில் பிடித்த வளைவும் மாலையில் கடைசி டிரிப்பில் பிடித்த வளைவும் ஒன்றாகவே இருக்கும். அடுத்த ஷிப்டுக்கு வருகிறவருக்கு நல்ல பிரேக் உள்ள வண்டியைக் கொடுத்துவிட்டுப் போவார். லெ மானில் நான்காவது ஸ்டின்ட் ஓட்டுகிறவரிடம் எதிர்பார்க்கப்படும் குணம் இதேதான்.

கருணுக்குப் பின்னால் வந்தவர்கள் உண்டு. பெங்களூருவின் அர்ஜுன் மைனி 2019-ல் லெ மானில் ஓட்டினார். 2021 பிப்ரவரியில் நரேன், அர்ஜுன் மைனி, நவீன் ராவ் மூவரும் ரேசிங் டீம் இந்தியா என்ற பெயரில் ஆசிய லெ மான் தொடரில் ஒரே காரைப் பகிர்ந்தார்கள். மூன்று இந்தியர், ஒரே கார்! அந்தத் தொடரின் பந்தயங்கள் துபாயிலும் அபுதாபியிலும் நடந்தன.

பிறகு அஜித்குமார். சினிமாக்காரர் என்பதற்காக அவரைச் சேர்க்கவில்லை. 2010-லேயே ஐரோப்பாவில் ஃபார்முலா 2 ஓட்டியவர் அவர். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்குத் தன் பெயரிலேயே அணியோடு போனார். பயிற்சியின்போது பெரிய விபத்து. அதன் பிறகு தன் அணியின் போர்ஷே காரை ஓட்டுவதிலிருந்து விலகிக்கொண்டு, மற்ற மூவரிடம் விட்டுவிட்டார். தான் அதே பந்தயத்தில் வேறொரு காரில் ஓட்டினார். அவர் இறங்கிக்கொடுத்த கார் அதன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. திரையில் எல்லாவற்றையும் தனியாகச் செய்து முடிக்கும் நாயகனைப் பார்த்து வளர்ந்த ரசிகர்கள், தங்கள் நாயகன் ஒதுங்கி நின்றதால் கிடைத்த வெற்றியை அன்று கொண்டாடினார்கள். அந்த ஆண்டு மார்ச்சில் இத்தாலியின் முஜெல்லோவில் 12 மணி நேரப் பந்தயத்திலும் அந்த அணி மேடை ஏறியது. ஸ்டின்ட், பிட் ஸ்டாப் என்ற வார்த்தைகள் மதுரை, திருநெல்வேலி டீக்கடை வரைக்கும் வந்துவிட்டன. எழுபது வருடம் கிளப்புகள் முயன்றும் நடக்காதது இது. நான் இதை மதிக்கிறேன்.

ஆனால் ஓட்டுநர் மட்டும் இருந்தால் போதாது என்பதற்குக் கபெல்லோவே சாட்சி. நம் வட்டாரத்தில் தொழிற்சாலைகள் இருக்கின்றன. சோழவரம் ஓடுதளத்தை ஒட்டிப் போகும் அதே நெடுஞ்சாலையில் வடக்கே போனால் தடா, அங்கே ஸ்ரீசிட்டி. 2016-ல் இசுசு அங்கே பிக்கப் வண்டி செய்யத் தொடங்கியது. சத்தியவேடு பக்கம் சின்னபாண்டூரில் அப்போலோ டயர்ஸ் ஆலை. 2020-ல் முதல் டயர் வெளிவந்தது. அருகில் மாதனபாளையத்தில் ஹீரோ மோட்டோகார்ப். ரேணிகுண்டா தாண்டிக் கரகம்பாடியில் அமரராஜா பேட்டரி. இதில் பெரும்பகுதி 2022 வரை சித்தூர் மாவட்டம். இப்போது திருப்பதி மாவட்டம். தெற்கே எல்லை தாண்டினால் திருவொற்றியூரில் வேர்விட்ட எம்.ஆர்.எஃப். இருங்காட்டுக்கோட்டைத் தடமும் இந்த வட்டத்துக்குள்தான்.

டயர் தாங்குவது என்பது விளையாட்டு விஷயம் இல்லை. 1997-ல் லெ மானை வென்ற இத்தாலியர் மிக்கேலே அல்போரெட்டோ, 2001 ஏப்ரல் 25 அன்று ஜெர்மனியில் ஆடி காரைச் சோதித்துக்கொண்டிருந்தபோது பின்டயரில் காற்று இறங்கியதால் விபத்தில் இறந்தார். 2005-ல் இண்டியானாபொலிஸில் மிஷெலின் டயர் அந்தத் தடத்தைத் தாங்காது என்று 14 கார்கள் விலகிக்கொண்டன. ஆறே கார்கள் ஓடிய அந்தப் பந்தயத்தில்தான் நரேன் நான்காவதாக வந்தார். டயர் எங்கே தோற்கும் என்பது ஆய்வக உருளையில் ஓரளவுதான் தெரியும். மிச்சம் தடத்தில், வெயிலில், களைத்த ஓட்டுநரின் கையில் தெரியும். எம்.ஆர்.எஃப். இதைப் புரிந்துகொண்ட கம்பெனி. ஐரோப்பிய ராலிக்குப் போனபோது இத்தாலியின் சிமோனே கம்பெதெல்லியை அணியில் சேர்த்து அவரை ஓட்டவைத்தே டயரைத் திருத்தியது. 2022-ல் அதன் டயரில் ஓடிய ஸ்பெயின்காரர் எஃப்ரேன் யரேனா ஐரோப்பியச் சாம்பியன். சென்னை டயர் தன் பாடத்தை ஐரோப்பாவின் சாலையில் கற்றது.

அந்தப் பாடத்தை இங்கேயே கற்க முடியும். இருங்காட்டுக்கோட்டையில் ஆண்டுக்கு ஒரு முறை ஆறு மணி நேரப் பந்தயம் வைக்கலாம். ஜனவரியில், வெயில் தாழ்ந்த காலத்தில், காலை பத்து மணிக்குத் தொடங்கினால் மாலை நான்குக்கு முடிந்துவிடும். விளக்குக் கம்பம் வேண்டாம். வெளிநாட்டுப் பந்தயக் கார்களும் வேண்டாம். கடையில் விற்கிற சின்னக் கார்கள், பாதுகாப்புக் கூண்டு வைத்து. டயரும் பேட்டரியும் இந்தப் பட்டையில் செய்தவை. காருக்கு மூன்று ஓட்டுநர், அதில் ஒருவர் கட்டாயம் புதியவர். வெற்றியை 1950 செப்ரிங் மாதிரி எஞ்சின் அளவுக்கு ஏற்ற கணக்கில் முடிவு செய்யலாம். அப்போது 800 சி.சி. காரோடு வருகிற திருத்தணி மெக்கானிக் ஷெட் அணிக்கும் வாய்ப்பு உண்டு. பிட் வேலைக்குத் திருப்பதி, சித்தூர், வேலூர் பாலிடெக்னிக் மாணவர்களைச் சேர்க்கலாம். தேய்ந்த டயரைப் பந்தயம் முடிந்ததும் கம்பெனிகள் திரும்ப எடுத்துப் போய் அறுத்துப் பார்க்கட்டும்.

கருணும் நரேனும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இரவில் மெதுவான காரை எப்படித் தாண்டுவது, மூன்றாவது ஸ்டின்டில் டயரை எப்படிக் காப்பது, இறங்கும்போது அடுத்தவனிடம் எதைச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் கையில் இருக்கிற அறிவு. அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் இருபது வயதுக்காரன் சத்தியவேட்டிலோ சோழவரத்திலோ இப்போதே ஏதாவது ஒரு ஷெட்டில் வேலை பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்கு ஒரு பந்தயத் தேதி வேண்டும். கிளப்பும் கம்பெனிகளும் உட்கார்ந்து பேசினால் அடுத்த ஜனவரிக்கே அதைக் குறித்துவிடலாம்.